கடைசி வரிசைப் பெட்டிகள்

நம் வகுப்பில் படித்தவர்கள் எல்லோருக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பாதிப் பேர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஷிப்டு பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தால் நான் நின்றுகொண்டே வருகிறேன். இடுப்பு கேட்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் லாரி கம்பெனியில் புது வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். என் மகன் வயதுப் பிள்ளைகள் சீட்டுக்கு அடியிலும் பின்பக்கப் பலகையிலும் தீப்பெட்டி அளவு கருவிகளை ஒட்டி, வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று லேப்டாப்பில் கோடு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது, நாம் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடை விடுமுறை ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் எல்லாம் ஏரியில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வரவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். எனக்கு வீட்டில் வேலை இருந்தது. என்ன வேலை என்று அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்பாவிடம் ஒரு சின்ன லாரி இருந்ததே, நீல நிறத்தில், அதை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் மணல்மேல் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் தேருக்குப் போயிருக்கிறோம். நம் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றிக் கம்பெனிகள் எழும்பத் தொடங்கிய காலம். அப்பா அந்த அஸ்திவாரங்களுக்கெல்லாம் மணலும் ஜல்லியும் அடித்தார். பாரம் தாங்க வேண்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பட்டா கூடுதலாகப் போட்டிருந்தார். பட்டா என்றால் நிலத்துப் பட்டா இல்லை. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சக்கர அச்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்களே, அது. அந்தக் கூடுதல் பட்டாக்களால் வண்டியின் பின்பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"எவ்ளோ வேணா ஏத்து. எவன் வண்டி வேணா குந்தும், என் வண்டி குந்தாது" என்று அப்பா டீக்கடையில் சொல்வார். அதைச் சொல்லும்போது வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார்.

பிறகு நம் ஊர் எல்லையில் அந்தக் கண்ணாடிக் கம்பெனி வந்தது. கார், லாரிகளின் முன்விளக்குக்கு முகக்கண்ணாடி செய்கிற சின்னக் கம்பெனி. அம்மா அதில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கண்ணாடிகளை ஒரகடத்துக்குக் கொண்டுபோகிற வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. ஒரே வீட்டிலிருந்து ஒருத்தர் கட்ட, ஒருத்தர் ஏற்றிப்போனார். முதல் மாதம் வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மாவின் சேலையில் வைக்கோல் வாசனை அடிக்கும். ஓரம் சிதைந்து கழித்த கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். வரி வரியாக, குழிவாக, கனமாக இருந்தது. அதில்தான் ரொம்ப நாள் உப்பு வைத்திருந்தோம். காலை வெயில் பட்டால் அடுப்பங்கரைச் சுவரில் நிறம் நிறமாகக் கோடு விழும். எந்த வீடு மாற்றத்தில் அது போனது என்று தெரியவில்லை.

அம்மா கை மெதுவான கை. மற்றவர்கள் பத்துப் பெட்டி முடிப்பதற்குள் அவள் எட்டுதான் முடிப்பாள். ஒவ்வொரு கண்ணாடியையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் திணித்து, மூடுவதற்கு முன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். துளி சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவாள்.

இரண்டாவது மாதம் ஒரகடத்திலிருந்து புகார் வந்தது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியவரின் நம்பர் போட்ட சீட்டு இருக்கும். உடைந்த பெட்டிகளில் அநேகமாக எல்லாமே ஏழாம் நம்பர். ஏழு என்பது அம்மா.

சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டாராம். "ஒரே லாரி, ஒரே ரோடு. மத்தவங்க பெட்டி நல்லா போய்ச் சேருது. உங்க பெட்டி மட்டும் ஏன் உடையுது?"

கேட்ட கையோடு மெமோ கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக அதில் எழுதியிருந்தது. என்னைத்தான் படித்துக் காட்டச் சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். "ரவ வைக்கோல கூட வெச்சி கட்டேன்மே. கம்பெனி வைக்கோல் தான?"

"நீ பள்ளம் பாத்து ஓட்டு."

"அஞ்சு பேரு பொட்டி ஒரே வண்டில போவுது. உன்து மட்டும் ஒடையுதுன்னா அது வண்டி தப்பா?"

சூப்பர்வைசர் கேட்ட அதே கேள்வி. அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

என் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அவர்களுக்கு நடுவில் நான்தான் டெலிபோன். "உங்கப்பாகிட்ட சொல்லு, கொயம்பு அடுப்பு மேல கீது" என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "கேட்டுச்சின்னு சொல்லு" என்பார். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வேன். சில நாள் கழித்து நானே கொஞ்சம் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். "ப்பா, அம்மா உன்ன வெயில்ல பாத்து போவ சொல்ச்சி" என்பேன். அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அப்பா ஒரு நிமிடம் நின்று, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போவார்.

அம்மாவுக்கு வார லீவு செவ்வாய். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, நாளைக்கு நானும் வண்டில வரேன்."

"எதுக்குன்னு கேளு."

"என் பொட்டி எப்டி ஒடையுதுன்னு பாக்க."

மறுநாள் அம்மா முன்னால் ஏறவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் முந்தின நாள் கட்டிய பெட்டிகளோடு ஏறினாள். மேலே தார்ப்பாய். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. என்னைக் கேபின் சுவரை ஒட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கடைசியில், வண்டியின் வாலில், சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நடுவில் பெட்டிகள். அப்பா அன்றைக்கு மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார். இருந்தும் முதல் வேகத்தடையில் அம்மா ஒரு சாண் மேலே போய் விழுந்தாள். அவளோடு சேர்ந்து பக்கத்துப் பெட்டிகளும் எழும்பி விழுந்தன. உள்ளே ஏதோ கிளிங் என்றது.

"பாப்பா, உனக்கு எப்டி கீது?" என்று கத்தினாள்.

"நல்லாத்தான் கீது!"

"இங்க வா. நீ இங்க குந்து, நான் அங்க வரேன்."

இடம் மாறினோம். அடுத்த பள்ளத்தில் என்னைத் தூக்கிப் போட்ட போடில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயெல்லாம் ரத்தச் சுவை. கேபின் பக்கத்திலிருந்து அம்மா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தவழ்ந்தபடி ஒவ்வொரு பெட்டியின் சீட்டாகப் படித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எழுத்து வராது, நம்பர் தெரியும். கேபின் பக்கம் இரண்டு, ஐந்து. நடுவில் மூன்று, நான்கு. என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். ஏழு. ஏழு. ஏழு.

"நான் லேட்டா முடிக்கிறேன்" என்றாள் மெதுவாக. "முடிக்க முடிக்க ஏத்துறாங்க. அதான் எப்பவும் என்து கடசீல வந்துடுது."

அப்போது எனக்கு அது சரியாகப் புரியவில்லை. இப்போது புரிகிறது. ஐந்து பேரில் யார் ரொம்பக் கவனமாகக் கட்டினாளோ, அவள் பெட்டிதான் உதறல் அதிகமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ம்மா, உன் பொட்டிய முன்னாடி ஏத்த சொல்லேன்."

"சொன்னா வேற எவளோ பொட்டி இங்க வரும். மெமோ அவளுக்கு குடுப்பாங்க."

திரும்பி வரும்போது வண்டி காலி. போகும்போது குதித்ததைவிட இன்னும் மோசமாகக் குதித்தது. வீட்டு வாசலில் இறங்கி, முழங்கையில் ஏற்பட்ட சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள். "உங்கப்பாகிட்ட சொல்லு. மணல் ஏத்தினு போனப்போ இந்த வண்டி தூளி மாதிரி போச்சி. பாரம் இல்லன்னா குதிக்குது. அதே ரோடு, அதே ஆளு. இந்த வண்டி மணலுக்கு செஞ்ச வண்டி. கண்ணாடிக்கு ஆவாது."

அப்பா என்னைத் தாண்டி நேராக அவளிடமே கத்தினார். "வண்டிய பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

ஆனால் மறுநாள் காலையில் அவர் ஆறு மூட்டை மணலை வண்டியின் வாலில் ஏற்றியதைப் பார்த்தேன். என்னிடம், "பொட்டி வயுக்காம இருக்கத்தான்" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அன்றைக்கு உடைசல் பாதியாகக் குறைந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பெட்டிமேல் மணல் சிந்தியிருப்பதைப் பார்த்த சூப்பர்வைசர் மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, அந்தப் பட்டாக்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு அடியிலிருந்தே வேண்டாம் என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த மேஸ்திரியிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. பின்பக்கப் பலகையில் ஏறி நின்று இரண்டு தடவை குதித்தார்.

"ஆடுதா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அப்ப இது ஸ்பிரிங் இல்லபா, தண்டவாளம். பள்ளம் வந்தா பட்டா வளைஞ்சி அத்த வாங்கிக்கணும். உன்து வாங்கிக்கில, அப்டியே மேல அனுப்புது. போதாததுக்கு துரு ஏறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது. ஆமா, ஷாக் அப்சார்பர் எங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அது இன்னாத்துக்குன்னு கயட்டி போட்டுட்டேன்."

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து செய்துதருவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மேஸ்திரியின் ஜாக்கி ஒன்று பத்தவில்லை. "பட்டாவுல ரெண்டு எடுக்கணும், பெரியப்பா வூட்ல ஜாக்கி வாங்கினு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். குடும்ப நிலம் இருவர் பேரிலும் ஒரே பட்டாவில் இருந்தது, பெரியப்பா அப்போது நில புரோக்கர்களோடு சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஓடின ஓட்டத்தில் முதல் பாதியைத்தான் சொன்னேன். "பெரிப்பா, அப்பா பட்டாவுல ரெண்டு எடுக்கறாராம்." இரண்டாவது பாதியைச் சொல்வதற்குள் பெரியப்பா துண்டுகூட எடுக்காமல் தெருவில் ஓடினார்.

அப்பா வண்டிக்கு அடியில் இருந்தார். காலைத்தான் பார்க்க முடியும். பெரியப்பா அந்தக் காலைப் பார்த்துக் கத்தினார். "டேய்! என்ன ஒரு வார்த்த கேக்காம பட்டாவுல ரெண்டு எடுக்கிறியாமே? ரெண்டு சென்ட்டா, ரெண்டு ஏக்கரா?"

அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"நாலா!" என்று பெரியப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா சிரித்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அடியில் ஸ்பேனர் சத்தம் அப்படியே நின்றது. அப்பாவும் கேட்டிருக்கிறார்.

மத்தியானம் வரை வேலை நடந்தது. கழற்றிய பட்டாக்களைச் சாக்கின்மேல் நீளவாரியாக அடுக்கினார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சிவப்புத் தூள் கொட்டியது. மண்ணெண்ணெய் வாசனை தெரு முழுக்க. தடியான நான்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு நடுவே கறுப்பு கிரீஸ் பூசி, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி, புதிய போல்ட் போட்டு இறுக்கினார் மேஸ்திரி. ஷாக் அப்சார்பர்களையும் மாட்டினார். ஜாக்கியை இறக்கியதும் வண்டியின் பின்பக்கம் மூச்சு விட்ட மாதிரி கீழே இறங்கி நின்றது.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். "குந்திடிச்சி" என்றார். முகம் வாடியிருந்தது.

டீ கொண்டுவந்த அம்மா என்னிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு, இப்பதான் வண்டி மாதிரி கீது" என்றாள்.

திங்கள், செவ்வாய், புதன். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஏழாம் நம்பரிலும் இல்லை, வேறு நம்பரிலும் இல்லை. அந்த வாரக் கடைசியில் அம்மா வேலை முடிந்து வந்து, குழாயடியில் உட்கார்ந்து, கழுவின பானையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் பக்கத்தில் போனேன்.

"காலைல எல்லாரையும் நிக்க வெச்சி சூப்பர்வைசர் பேசினாரு" என்றாள். "'ஒரே ஒரு மெமோ குடுத்தேன், ஏழாம் நம்பர் திருந்திட்டாங்க. எல்லாரும் கை தட்டுங்க'ன்னாரு. எல்லாரும் தட்னாங்க."

"நல்லதுதானம்மா?"

அவள் மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள். பானைக்குள் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன்.

அப்பா அதை அப்படியே விட்டிருக்கலாம். வண்டி சரியாகிவிட்டது. வேலை இரண்டு பேருக்கும் நிலைத்துவிட்டது. இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன், நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

மறுநாள் காலை அப்பா பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஒதுக்கிப் போட்டிருந்த பட்டாவில் ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்தார். என்னையும் ஏறச் சொன்னார். கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி, தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இத்த எங்க தூக்கினு போற?" என்றார் வாட்ச்மேன்.

"சூப்பர்வைசருக்கு மெமோ குடுக்க."

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேபினில்தான் இருந்தேன். திரும்பி வந்தபோது தோளில் பட்டா இல்லை. சட்டையில் துரு அப்பியிருந்தது. வண்டியை எடுத்தார்.

"லோடு ஏத்தலயாப்பா?"

"இல்ல பாப்பா. இனிமே இங்க இல்ல."

சாயங்காலம்தான் அம்மா சொல்லித் தெரிந்தது. கூடுதல் பட்டா போட்டது, ஷாக் அப்சார்பரைக் கழற்றியது, கடைசி வரிசையில் யார் பெட்டி போகிறது என்பது, எல்லாவற்றையும் அப்பா நின்றுகொண்டே சொல்லியிருக்கிறார். அம்மாவின் மெமோவை சூப்பர்வைசர் அங்கேயே கிழித்திருக்கிறார். கையோடு அப்பாவின் வண்டியையும் நிறுத்திவிட்டார். அம்மா அன்று அப்பா உள்ளே வந்ததும் நேராகப் போய், "சட்டைய குடு, துரு காயறதுக்குள்ள சோப்பு போட்டுடறேன்" என்றாள். அப்பா கழற்றிக் கொடுத்தார். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தேன். என் வேலை போய்விட்டது என்று புரிந்தது.

அடுத்த ஆண்டு அம்மாவை நிரந்தரமாக்கினார்கள். அப்பா கொஞ்ச நாள் சும்மா இருந்தார். அப்புறம் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் பீரோ, டிவி, மிக்சி, சாமி படம் எல்லாம் ஏற்றி வீடு மாற்றிக் கொடுத்தார். பென்னலூரிலிருந்தெல்லாம் அப்பாவைத்தான் தேடி வந்தார்கள்.

ஊரில் எல்லோரும் மேஸ்திரி கண்டுபிடித்தார் என்றார்கள். மேஸ்திரி, "அந்தாளே மணல் மூட்ட வெச்சி கண்டுபுட்ச்சிட்டான்பா" என்று அப்பாவைச் சொன்னார். நானும் இத்தனை வருடம் அப்பா கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த லேப்டாப் கோடுகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கம் போயிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா உள்ளே கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்மா, நீதான அத்த கண்டுபுட்ச்ச? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உங்கப்பாவுக்கு தெரியும். அப்புறம் இன்னா?" என்று கீரையை உதறினாள். பிறகு அவளாகவே சிரிக்க ஆரம்பித்தாள். "அன்னிக்கி உள்ள இன்னா ஆச்சின்னு உனுக்கு தெரியாதில்ல? 'சார், ஒடச்சது இவ இல்ல, இதான்'னு சொல்லி பட்டாவ டேபிள் மேல வெச்சாரு. டேபிள் மேல முயுசா கண்ணாடி போட்டிருந்தாங்க. இந்த மூலைலருந்து அந்த மூலைக்கி பட்டுன்னு விரிசல் வுட்டுடிச்சி. சூப்பர்வைசர் அத்தையே பாக்கறாரு. உங்கப்பாவும் அத்தையே பாக்கறாரு. நான்தான் போயி தாளு வைக்கோல் எல்லாம் எட்த்தாந்து, சில்ல பொறுக்கி ஒயுங்கா பேக் பண்ணி வெச்சேன்."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

உள்ளே டிவி சத்தம் குறைந்தது.

"நான் மெதுவாத்தான் வெச்சேன்" என்றார் அப்பா. "கண்ணாடிதான் மட்டம்."